இளையவளின் மத்தியானம்

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் என் கொழுந்தன் பெண்டாட்டி பாயை விரிப்பாள். வீட்டில் யார் இருந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி. கல்யாணச் சீரில் கொண்டுவந்த பாய், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். அதில் சுவரோரமாக ஒருக்களித்துப் படுத்து, மறுநிமிடம் தூங்கிவிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

எழுபதுகளின் கடைசி அது. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம். ஆண்கள் ஜீப்பில் ஏறிப்போனால் வாரம் ஒருமுறைதான் இறங்குவார்கள். மலையிலேயே உலர்த்திய காய் மூட்டையாகக் கீழே வரும். பெரிசு, சிறிசு, வெடித்தது, வெளுத்தது என்று அதைப் பொறுக்கிப் பிரிப்பது வீட்டுப் பெண்களின் வேலை. நான் அடுப்பையும் பார்த்து, மாட்டையும் பார்த்து, மத்தியானத்திலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்தால் முதுகு விண்ணென்று தெறிக்கும்.

வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்லுவார், "மூத்தவ இல்லேன்னா இந்த வீட்டுல அடுப்பெரியாது." சீரென்று பெரிதாக எதுவும் கொண்டுவராதவள் நான். அந்தப் பேர் ஒன்றுதான் எனக்கென்று அங்கே இருந்தது.

வந்த புதிதில் அவள் என்னையும் கூப்பிட்டாள். "செத்த வந்து படுங்கக்கா. ஏலக்கா எங்கயும் ஓடிப்போயிராது."

"எனக்குச் சோலி கெடக்கு. நீ தூங்கு தாயி" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவளுக்கு உறைக்கவில்லை. சோம்பேறி என்று மாமியார் முணுமுணுத்ததும் உறைக்கவில்லை. ஆனாலும் கொழுந்தன் அவளைத் தாங்கினான். முணுமுணுத்த மாமியாரே அவளுக்குப் பிடிக்குமென்று கருவாட்டுத் துண்டை எடுத்துவைப்பார். இதெல்லாம் ஒருத்திக்குச் சும்மா எப்படிக் கிடைக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓர் ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. தலையைத் தூக்க முடியவில்லை. உள்ளறையில் படுத்தபடி, வீடு நாறப்போகிறது என்று காத்துக் கிடந்தேன். சோறு வெந்தது. மாட்டைக் கறந்தார்கள். மூட்டையும் பிரிந்தது. என் வேலையையும் சேர்த்துச் செய்த அந்த நாட்களிலும் மத்தியானமானால் அவள் பாயை விரித்துவிட்டாள். ஒரு சட்டியாவது தீய்ந்து தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியார் சொன்னார், "எளையவ இல்லேன்னா இந்த வீட்டுல அடுப்பெரியாது."

போர்வைக்குள் அழுதேன். முதுகொடிந்து சம்பாதித்த பேர் ஒரு காய்ச்சலில் கைமாறிப் போனது. அவளோ அந்தப் பேச்சுக்கு முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கேட்டுக்கொண்டே கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பாய்க்குப் போனாள். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தாங்காமல் போனது அதுதான்.

காய்ச்சல் விட்ட பின் ஒரு மத்தியானம், முறத்தை மூட்டைமேல் வைத்துவிட்டு அவள் அறை வாசலில் போய் நின்றேன். பாயில் பாதி வழக்கம்போல் காலியாகக் கிடந்தது. அவள் கண்ணைத் திறந்து "வாங்கக்கா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

படுத்தேன். கூடத்திலிருந்து மாமியார் என்னைக் கூப்பிட்டார். எழுந்திருக்கப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். மாமியார் மறுபடி கூப்பிடவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விரல்கள் தாமாகக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவள் என் கையை விடாமலே தூங்கிப்போயிருந்தாள். அதைப் பார்க்கவும் பொறாமையாகத்தான் இருந்தது. எழுந்து மட்டும் போகவில்லை.