கிட்டத்தில் இருக்கும் பெயர்

இரண்டு கேள்விக்குறிகளை என்னால் பொறுக்க முடிவதில்லை. ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்து விழுந்தால், அதன் நினைவகத்தை அப்படியே பிரதியெடுத்து, பிழை தேடும் கருவியான டிபக்கரில் திறப்போம். கடைசி நேரத்தில் நிரலின் எந்தப் பகுதி எந்தப் பகுதியை அழைத்தது என்று ஒரு பட்டியல் வரும். மேலே விழுந்த இடம், அதற்குக் கீழே அதை அழைத்த இடம், இப்படியே வரிவரியாக. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருக்கவேண்டும். பெயர் தெரியாவிட்டால் டிபக்கர் அங்கே இரண்டு கேள்விக்குறி போட்டுவிடும். எங்களுக்கு வரும் பட்டியலில் பதினொரு வரிகள் என்றால் நான்கில் பெயர் கிடையாது. எட்டுக் கேள்விக்குறிகள். வேலை முடிந்து பேருந்தில் வரும்போது ஜன்னல் கம்பிகளை எண்ணினாலும் அந்த எட்டுதான் மனதில் ஓடும்.

வெளியூர்களில் முப்பத்து நாலு வருடம் டிபக்கர்களோடு வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவன் நான். ஓய்வு என்று எல்லோரிடமும் சொன்னேன். அது சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. தோசையில் விழும் துளைகளை நான் பக்கத்தில் நின்று எண்ணியதாக மனைவி அடுத்த வீட்டில் சொல்லியிருக்கிறாள். எண்ணவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். "எங்கயாவது போயி எதையாவது எண்ணுங்க. எனக்க அடுக்களைய விட்டிருங்க" என்று அவள் விரட்டியதால்தான் வடசேரியில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தேன்.

ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளைக் கண்காணித்து நடத்தும் நிரல் எழுதுவது அவர்கள் தொழில். காற்று இவ்வளவுக்கு மேல் போனால், இறக்கையின் கோணம் இப்படி இருந்தால், இன்னதைச் செய் என்று சைட்டில் இருப்பவர்களே ஒரு சின்ன மொழியில் விதி எழுதிக்கொள்ளலாம். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விதியை எந்திரமொழியாக்கி நினைவகத்தில் வைத்து ஓட்டும் கம்பைலர் ஒன்று உள்ளேயே உண்டு. வேகத்துக்கு அது நல்லது. எனக்குத்தான் தொல்லை. முன்கூட்டியே தொகுத்து வைத்த நிரலுக்கு, நினைவகத்தின் எந்த முகவரியில் எந்தப் பெயர் என்கிற விவரம் கோப்போடு சேர்ந்து வரும். ஓடும்போது பிறக்கும் எந்திரமொழித் துண்டுக்கு, கோடு என்போம் அதை, அப்படி எதுவும் இல்லை. டிபக்கர் அங்கே போய் நின்று முழிக்கும்.

அந்தக் கம்பைலரை எழுதியவர் களியக்காவிளைப் பக்கத்துப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். மார்த்தாண்டத்து நெரிசலைத் தாண்டி ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேசத் தொடங்கிவிடுவார். விதிகளின் பெயர்களை அவருடைய கம்பைலர் தனக்கென்று ஒரு வடிவத்தில் குறித்து வைத்திருந்தது. அது டிபக்கருக்குப் புரியாது. டிபக்கருக்குப் புரியும் பெரிய வடிவத்தில் ஒவ்வொரு விதிக்கும் எழுதினால் நிரல் தவழும். ஆகவே டிபக்கரோடு மாட்டும் துணைநிரலாக ஒரு பிளக்இன் போடலாம் என்று முடிவாயிற்று. டிபக்கர் கேள்வி கேட்கும். கம்பைலரின் வடிவம் தெரிந்த பிளக்இன் பதில் சொல்லும். என்னென்ன கேள்விகள், எப்படிப்பட்ட பதில்கள் என்று வரையறுக்கும் இடைமுகத்தை நான் வகுக்க வேண்டும்.

ஐந்து ஃபங்ஷன், அதாவது ஐந்து கட்டளை, போதும் என்றேன். தொடங்கு. பெயர்களைப் படி. இந்த முகவரியின் பெயரைச் சொல். இதை அழைத்தது யார் சொல். முடி. ஒரு கையின் விரல்கள். வெளியூரில் இரண்டு நிறுவனங்கள் தங்கள் கம்பைலர்களுக்கு இதே இடைமுகத்தில் பிளக்இன் எழுதக் காத்திருந்தன. அவர்களுக்குக் கொடுத்த பிறகு ஒரு விரலைக்கூட மாற்ற முடியாது. மாற்றினால் அவர்கள் எழுதியதெல்லாம் உடையும். அந்த நினைப்பிலேயே எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"பேரு வேணும்னா எனக்க நிரல்கிட்டயே கேக்கப்பிடாதா சாரே?" என்றார் அவர். "உள்ள ஒரு ஃபங்ஷன் கெடக்கு. கூப்பிட்டா அதுவே சொல்லும்."

"செத்துப்போன நிரல் எப்படிம்மா சொல்லும்?"

"உயிரோட இருக்கும்போ கேக்கணும்."

"எனக்கு இதுவரைக்கும் உயிரோட ஒண்ணும் வந்ததில்ல. ஆரல்வாய்மொழியிலேருந்து வாறது பூராவும் பொணம்தான்."

"அதாக்கும் காரியம். சாரு பொணத்துகூட பழகிப் பழகி, மனுசங்ககிட்ட பேசுகதும் அப்படியே ஆயிப்போச்சு."

சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். நினைவகப் பிரதியைப் படித்து மட்டுமே பதில் சொல்லவேண்டும் என்று எழுதிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் அதன் கோடு தொடங்கும் முகவரியோடு முடியும் முகவரியும் தரட்டுமா என்று அவர் கேட்டபோது, வேண்டாம் என்றேன். ஒன்று முடியும் இடத்தில்தானே அடுத்தது தொடங்கும்? ஒரு முகவரியைக் கொடுத்தால், அதற்கு முன்னால் மிகக் கிட்டத்தில் தொடங்கும் பெயரைச் சொல்லிவிடலாம். டிபக்கர் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு இது கையோடு வந்த பழக்கம்.

"எடையில காலி எடம் கெடந்தா?" என்றார்.

"அங்க யாரு போயி விழப்போறா?"

ஆடி பிறந்து கணவாயில் காற்று முழு மூச்சில் அடித்த ஒரு நண்பகலில் ஆரல்வாய்மொழி நிரல் விழுந்தது. பாதுகாப்புக்காக அத்தனை ஆலைகளும் நின்றுவிட்டன. காற்று சும்மா போயிற்று. நினைவகப் பிரதி வடசேரிக்கு வந்தது. புதிய பிளக்இன்னை முதல்முதலாக நிஜமான பிரதியில் மாட்டினேன். பதினொரு வரிகள். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. மேலேயிருந்து கீழே ஒருமுறை, கீழேயிருந்து மேலே ஒருமுறை எண்ணினேன். முதல் வரியில் ஒரு விதியின் பெயர், அதில் மூன்றாவது வரி என்று எண் உட்பட. அந்தப் பெயரின் வாலில் எழுதியவரின் முதலெழுத்து. சைட் பொறுப்பாளருடையது.

நிறுவனத்தின் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என் வயதில் பாதி இருப்பார்.

"அவனுக்க விதியா? காத்து அடிக்கும்போ ஆலைய நிறுத்திப் போட்டானே. இனி அவன் அங்க வேண்டாம் சார்."

"கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

"பேரு வந்தாச்சு, வரி நம்பரும் வந்தாச்சு. இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்? நல்ல சாதனம் செய்திருக்கிய." என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பாராட்டுதான். அன்று மாலை அது கழுத்தில் விழுந்த முடி மாதிரி அரித்துக்கொண்டே இருந்தது. மூன்றே வரி விதி. இரண்டு எண்களை ஒப்பிடுகிறது, பெரியதை எடுக்கிறது. அதில் சாவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பொறுப்பாளரும் அவசரக்காரர் அல்ல. ஒரு காற்புள்ளி போடுவதற்குக்கூட எனக்கு ஃபோன் செய்கிறவர். "கஞ்சி ஆறிப்போச்சு. எண்ணி முடிச்சாச்சுன்னா குடியுங்க" என்றாள் மனைவி. நான் பயற்றை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் காலையில் வடசேரியிலிருந்து பேருந்து ஏறினேன். ஆரல்வாய்மொழி எனக்கு ஒத்துவராத ஊர். காற்றாலைகளை எண்ணத் தொடங்கினால் சாலை வளையும், ஒன்றின் பின்னால் ஒன்று மறையும், கணக்கு தப்பும். அன்றும் தப்பியது. கட்டுப்பாட்டு அறையின் கதவைக் காற்று தள்ளிப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறக்க முடிந்தது.

"வாங்க அண்ணாச்சி. பாடி எடுக்க வந்தியளா?" என்றார் பொறுப்பாளர்.

"ஏம்டே, அந்த மூணு வரி விதி உன்னதுதானே?"

"என்னதுதான். ஆனா விழுகதுக்கு முன்னாலயே, காலையிலயே அத தூக்கிட்டேன். மலைமேல மேக மூடம் எறங்கிச்சுன்னா காத்து வெட்டி வெட்டி அடிக்கும். அதுக்கு அந்த விதி ஆவாது. வேற ஒண்ணு போட்டேன். வெயிலு வந்தா அதையும் மாத்துவேன். இங்க விதிங்கது துணி காயப்போடுகது மாதிரியாக்கும். போடணும், எடுக்கணும்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"எண்ணுகதுக்கு நீங்க இங்க இல்லியே அண்ணாச்சி."

"முதலாளிகிட்ட சொன்னியா, எடுத்தாச்சுன்னு?"

"சொன்னேன். 'எடுத்தேன்னு சொல்லுக, பேரு அங்கயே கெடக்கே'ங்காரு. எடுத்தது எனக்குத் தெரியும், காத்துக்குத் தெரியும். காத்து வந்து சாட்சி சொல்லுமா?" திரையைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத விட்டா எனக்கு வேற வேல தெரியாது. உங்க சாதனம் என் பேர ஏன் சொல்லிச்சு, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

திரும்பும் பேருந்தில் நான் எதையும் எண்ணவில்லை. வடசேரியில் நாங்கள் சோதிக்கும்போது ஒரு விதியைப் போடுவோம், மாலைவரை அதையே ஓட்டுவோம். கணவாயில் மலை சொல்லச் சொல்ல விதி மாறுகிறது. எடுத்த விதியின் இடம் என்ன ஆகும்? காலியாகும். காலியான இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரும். அப்படியானால் என் பட்டியலின் முதல் வரியில் இருப்பது யார்?

அலுவலகத்தில் ஏறியதும், உட்காராமலே பெண்மணியிடம் கேட்டேன். "அந்த விதிக்க நீளம் எவ்வளவும்மா?"

அவர் தன் கம்பைலரின் குறிப்பைத் திறந்தார். "நூத்தி அறுவது பைட்."

விழுந்த முகவரியிலிருந்து விதி தொடங்கும் முகவரியைக் கழித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. இன்னொரு தடவை கழித்தேன். அதேதான்.

"விதி முடிஞ்சு அம்பத்திரெண்டு பைட் தள்ளி விழுந்திருக்கு."

"அப்போ அது அவருக்க விதியே இல்லல்லா சாரே." அந்த இடத்திலிருந்த பைட்டுகளைத் திரையில் கொண்டுவந்து விரல் வைத்து வாசித்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார். "ஐயோ. இது எனக்க கோடாக்கும்."

விதிகளை ஒன்றோடொன்று இணைக்க, யாரும் எழுதாமல், கம்பைலர் தானே உண்டாக்கிக்கொள்ளும் துண்டு அது. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை. யாரும் எழுதாததற்கு எதற்குப் பெயர் என்று விட்டிருக்கிறார். பொறுப்பாளர் விதியை எடுத்ததும் அந்த இடத்தையும் பக்கத்துக் காலியிடத்தையும் சேர்த்து அந்தத் துண்டு பிடித்துக்கொண்டது. ஆனால் எடுத்த விதியின் பெயர் குறிப்பில் அப்படியே கிடந்தது. அவருடைய குறிப்பில் சேர்ப்பது மட்டுமே உண்டு, நீக்குவது கிடையாது. நீக்கச் சொல்ல என் இடைமுகத்தில் வழியும் இல்லை. பெயர் இல்லாத ஒன்று விழுந்தபோது, கிட்டத்தில் இருந்த பெயரை என் பிளக்இன் சொல்லிவிட்டது.

"முடிவும் தரட்டான்னு அண்ணைக்கே கேட்டேன்" என்றார்.

"கேட்ட."

"பின்ன உக்காருங்க. மாத்துவோம்."

மாற்றினோம். ஒவ்வொரு பெயரும் தொடக்கத்தோடு முடிவையும் தரவேண்டும். விதி போனால் பெயரும் போகவேண்டும். அதற்காக ஆறாவது ஃபங்ஷன் ஒன்று வந்தது. ஒரு கையில் அடங்காத எண். எந்தப் பெயரின் எல்லைக்குள்ளும் ஒரு முகவரி அடங்காவிட்டால், பிளக்இன் தெரியாது என்று சொல்லவேண்டும். கிட்டத்தில் இருப்பதைச் சொல்லக்கூடாது. இதை எழுதும்போது என் விரல்கள் தயங்கின, மறைப்பானேன்.

அதே நினைவகப் பிரதியை மறுபடி திறந்தோம். பொறுப்பாளரின் பெயர் போயிருந்தது. பத்து வரிகளில் பெயர். முதல் வரியில் இரண்டு கேள்விக்குறிகள். என் கையாலேயே கொண்டுவந்து வைத்தவை.

முதலாளி வந்து பார்த்தார். "இருந்த பேரையும் தொலச்சிட்டியளா? முன்னுக்குப் போறமா, பின்னுக்குப் போறமா சார்?"

நான் நூற்றறுபதையும் இருநூற்றுப் பன்னிரண்டையும் சொன்னேன். பொறுப்பாளர் காலையிலேயே விதியை எடுத்துவிட்டதைச் சொன்னேன். முதலாளிக்கு ஒன்றும் ஏறவில்லை. அப்போது பெண்மணி எழுந்து நின்றார்.

"அந்தக் கேள்விக்குறி நானாக்கும். எனக்க கம்பைலரு உண்டாக்கினது. ஆளை மாத்தணும்னா என்னைய ஆரல்வாய்மொழிக்கு மாத்துங்க. நல்ல காத்தாவது கிட்டும்."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க போயிட்டா கம்பைலர யாரு பாக்கது? அவன் அங்கயே இருக்கட்டும். இத முதல்ல செரியாக்குங்க" என்று இறங்கிப் போனார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. இவ்வளவு கிடைத்ததே போதும் என்று தோன்றியது. போதாது என்றும் தோன்றியது.

இணைப்புத் துண்டுகளுக்கெல்லாம் இப்போது பெயர் உண்டு. இடைமுகத்தை ஆறு ஃபங்ஷனோடு வெளியே அனுப்பிவிட்டோம். அந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று உடனே கேட்டது: கிட்டத்துப் பெயரைக் காட்ட ஏன் அனுமதி இல்லை, வாடிக்கையாளர்களுக்குக் கேள்விக்குறி பிடிக்காதே? எனக்கும் பிடிக்காது என்று பதில் எழுதிவிட்டு, ஆனாலும் அனுமதி இல்லை என்று சேர்த்தேன். அவர்கள் அதை மதிப்பார்களா, இல்லை உள்ளுக்குள் பழையபடியே செய்துகொள்வார்களா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பொறுப்பாளருக்கு ஃபோன் செய்தேன். கேட்டுச் சொல்லச் சொன்னாரே. பெயர் வந்த கதையை முழுக்கச் சொன்னேன். மறுமுனையில் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது.

"அப்போ அந்த வீட்டுல முன்னால குடியிருந்தவன்னு என்னைய பிடிச்சிருக்கு. செரி அண்ணாச்சி, மூடம் எறங்குது, விதிய மாத்தணும். வைக்கட்டா?"

வைத்துவிட்டார். அவர் மாற்றுவது வடசேரியில் என் திரையிலும் தெரியும்படி இப்போது ஏற்பாடு செய்திருக்கிறோம். பழைய விதியின் பெயர் பட்டியலை விட்டுப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். போயிற்று. உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, போனது போனதுதானா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.