ஹூக் மட்டும் பாக்கி

எங்கள் தையல்கார பாயைப் போலப் பொய் சொல்ல இனிமேல் ஒருவர் பிறந்துதான் வரவேண்டும். மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கடை. நான் இருப்பது அடையாறில். வழியெல்லாம் தையல் கடைகள் இருந்தும், இருபது வருஷமாகப் பஸ் ஏறி அவரிடம்தான் போகிறேன். தையல் சுத்தம், கழுத்து கச்சிதமாக உட்காரும், சொன்ன தேதிக்கு மட்டும் தரமாட்டார்.

அவருடைய பொய்களில் மூன்று படி உண்டு. "நாளைக்கு வாங்க" என்றால் துணிப்பையை இன்னும் பிரிக்கவே இல்லை. "வெட்டியாச்சு" என்றால் பையைப் பிரித்துத் துணியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். "ஹூக் மட்டும் பாக்கி அக்கா" என்றால் இன்றைக்கோ நாளைக்கோ தைக்க உட்கார்ந்துவிடுவார். வயதில் என்னைவிட மூத்தவர்தான். ஆனாலும் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லோருமே அவருக்கு அக்கா.

நானும் சளைத்தவள் இல்லை. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், மற்றவர்கள் எழுதித் தருகிற பொய்களைக் கண்டுபிடிப்பது என் வேலை. வெள்ளத்தில் மூழ்காத காரும் திருட்டுப் போகாத நகையும் என் மேஜைக்கு வராமல் போகாது. பாய் கடைப் படியேறினதும் நான் கட்சி மாறிவிடுவேன். இருபதாம் தேதி விசேஷம் என்றால் பத்தாம் தேதி என்பேன். விசேஷமே இல்லையென்றால் ஒரு கல்யாணத்தை உண்டாக்குவேன். நாத்தனார் மகளுக்கு என் வாயாலேயே இரண்டு முறை கல்யாணம் ஆகியிருக்கிறது. அந்தப் பெண் இன்னும் காலேஜ் போய்க்கொண்டிருக்கிறாள். அவர் பொய்யும் என் பொய்யும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ரவிக்கை சரியான நாளில் கைக்கு வந்துவிடும். இதை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

அளவுக்கு நான் கொடுக்கிற பழைய ரவிக்கையும் பொய்தான். அது என் நாற்பது வயது உடம்புக்குத் தைத்தது. பாய் அதை மரியாதையாக வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கவாட்டில் கூட்டித் தைத்துவிடுவார்.

போன வருஷம் எங்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. பாயின் மகள் தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் பதில் போட்டே மாய்கிறாரே என்று, கடை நம்பரில் ஒரு ஏ.ஐ.யை உட்கார வைத்தாள். வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. எதை முதலில் தைக்க வேண்டும் என்று தினமும் காலையில் பாய்க்கு வரிசை போட்டுத் தர வேண்டியது. தொழில் பழகட்டும் என்று, கடையின் பழைய வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் ஒரு வரி விடாமல் அதற்குப் படிக்கக் கொடுத்தாள். ஏ.ஐ. என்று மகள் சொன்னது பாய் காதில் 'ஏய்' என்று விழுந்தது. அன்றிலிருந்து கடையில் அதற்குப் பெயரே ஏய்தான். பையை வெச்சிட்டுப் போங்க அக்கா, தேதியெல்லாம் ஏய் கிட்ட சொல்லிடுங்க என்பார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஐம்பத்து மூன்று வயதில். முதல் கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இவர், கோட்டூர்புரம் நூலகத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறவர். ஒருநாள் குறட்டை தாங்காமல் எழுப்பினேன். மன்னிப்புக் கேட்டு, கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்கப்புறம் குறட்டை விடாத நாளிலும் எழுப்பினேன். பதிவு அலுவலகத்தில் ஒரு புதன்கிழமைக்கு நேரம் வாங்கினோம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தவிர வேறு யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. இந்த வயதில் எதற்கு என்று கேட்டால் பதில் சொல்லிவிடலாம். கேட்காமல் பார்ப்பார்களே, அதற்குத்தான் கூச்சம்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சிவப்பு ரவிக்கை. முதல் கல்யாணத்துக்கு ரவிக்கைத் துணி எடுத்தது மாமியார் வீட்டில். கணவர் போன பிறகு, யாரும் சொல்லாமல் நானாகவே சாம்பல், சந்தனம், வெளிர்நீலம் என்று ஒதுங்கிக்கொண்டேன். இந்தத் தடவை தி. நகரில் கால் கடுக்க அலைந்து, அரக்குச் சிவப்பில் நானே துணி எடுத்தேன். புதன்கிழமை கையெழுத்துப் போடும்போது அது என் உடம்பில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. இதைப் படித்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், இந்த இடம் வருவதற்குள் தூங்கியிருப்பார்.

துணியைக் கொண்டுபோன மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பையை மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் நின்றபடி ஏய்யிடம் டைப் செய்தேன். வழக்கம்போல நாலு நாள் முன்னதாகத் தேதி போடத்தான் விரல் போனது. ஆனால் கம்ப்யூட்டரிடம் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது ஆபீசில் ஊறிப்போன பயம். தவிர, அது யாரிடம் போய்ச் சொல்லப் போகிறது? 'அடுத்த வாரம் புதன்கிழமை கல்யாணம். எனக்குத்தான். அன்னிக்குக் காலையில சிவப்பு ப்ளவுஸ் கட்டாயம் வேணும்' என்று அடித்தேன். தையல் கடையில் நான் சொன்ன முதல் உண்மை அது.

'வாழ்த்துகள் அக்கா, கண்டிப்பா ரெடியாகிடும்' என்று பதில் வந்தது. விஷயம் தெரிந்து எனக்கு முதலில் வாழ்த்துச் சொன்னது ஏய்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும் அசடு மாதிரி சிரித்துக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை விசாரித்தேன். வெட்டியாச்சு என்றது. ஞாயிற்றுக்கிழமை விசாரித்தேன். ஹூக் மட்டும் பாக்கி அக்கா என்றது. நிம்மதியாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஆபீசில், எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டிருந்த ஒருவருடைய விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ உறுத்தியது. பாய் பொய் சொல்வதற்கு முன்னால் போனில் 'டைப்பிங்' என்று வரும், நிற்கும், மறுபடி வரும். அந்த மனிதர் கொஞ்சம் கூசுகிறார் என்று எனக்குத் தெரியும். ஏய்யின் பதில் நான் கேள்வியை அனுப்பி விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

தொழில்புத்தியைக் காட்டினேன். 'என்னோட பச்சை ப்ளவுஸ் என்னாச்சு?' என்று கேட்டேன். பச்சையில் நான் ரவிக்கையே கொடுத்ததில்லை.

'பச்சை ப்ளவுஸ் தைச்சாச்சு அக்கா. ஹூக் மட்டும் பாக்கி.'

அரைநாள் லீவு சொல்லிவிட்டு மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தேன். என் பை, நான் வைத்த முடிச்சு அவிழாமல், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பாய் கழுத்தில் டேப்போடு வேறு யாருக்கோ கை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்தார்.

"பாய், புதன்கிழமை கல்யாணம்" என்றேன்.

அவர் சிரித்தார். இருபது வருஷமாக இதைக் கேட்கிறவர். "இந்த தபா யாருக்கு அக்கா?" என்றார்.

"எனக்கு."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் என்னை நம்பிப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"ஏய் கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்கிட்ட சொல்லலியே அக்கா" என்றார்.

எனக்கு முணுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டோவில் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பாய் ஸ்டூலை இழுத்துப்போட்டு, டீ சொல்லி, என் பையின் முடிச்சை அவிழ்த்தார். துணியின் நிறத்தைப் பார்த்து, நல்ல கலரு என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மகள் வந்து ஏய்யை விசாரித்தாள். என் துணியை வரிசையில் ஏன் கடைசியில் போட்டது என்று கேட்டாள். கொஞ்சமும் கூசாமல் விளக்கியது: 'இந்த அக்கா சொல்லும் தேதிக்குப் பிறகுதான் எப்போதும் விசேஷம் வரும். கல்யாணம் என்பதை அவசரப்படுத்துவதற்காகச் சொல்வார்.' தைக்காததைத் தைத்ததாக ஏன் சொன்னது என்றதற்கு, ஹூக் மட்டும் பாக்கி என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை என்றது.

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. "பொய் சொல்லுன்னு நான் அதுக்கு ஒரு வரிகூட எழுதலை ஆன்ட்டி" என்றாள். நானும் பாயும் ஒருவரையொருவர் பார்க்காமல் டீயைக் குடித்தோம். எழுதிக் கொடுத்தது நாங்கள்தானே, வாட்ஸ்அப்பில் பத்து வருஷம் உட்கார்ந்து. கெட்டிக்காரப் பிள்ளை, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. எப்போது பொய் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நாங்கள் எழுத்தில் வைக்கவில்லை. என்னை ஏமாற்றியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நான் உண்மை சொன்ன ஒரே நாளில் என்னை நம்பவில்லையே, அதுதான் சுட்டது.

மகள் அன்றைக்கே அதைத் திருத்தினாள். எந்தத் துணி எந்த நிலையில் இருக்கிறது என்று பாய் போனில் தட்ட வேண்டும், தட்டியதை மட்டும்தான் ஏய் சொல்ல வேண்டும். மறுநாள் நான் முழு லீவு போட்டு, ரவிக்கைக்குக் காவலாகக் கடையில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் உண்மை கடையைப் பதம் பார்த்துவிட்டது. உங்கள் துணியை இன்னும் தொடவில்லை என்று செய்தி போன வீடுகளிலிருந்து எல்லாம் போன் வந்தது. மாடவீதி மாமி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "ஆத்துல எல்லார் முன்னாடியும் படிச்சுண்டு இருக்கேன், மூஞ்சில அடிச்சாப்ல சொல்றதே இது. நீங்க எவ்வளவு பதவிசா நாளைக்கும்பேள்" என்று பாயிடம் குறைப்பட்டுக்கொண்டார். பாய் பழக்கதோஷத்தில் நாளைக்கு வாங்க மாமி என்றார். மாமி திருப்தியாகப் போனார்.

ரவிக்கை மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. அளவு ரவிக்கையை அவர் தொடவே இல்லை. இந்த தபா சரியா எடுத்துருவோம் அக்கா என்று டேப்பை எடுத்தார். வந்த எண்ணை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் உடம்பும் கையும் சேர்ந்துவிட்டன. ஹூக் வைப்பதற்கென்று அவரிடம் ஒரு பெண் வருவாள். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவரை நடந்தே வந்துவிடுவாள். குடிசைகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்த பிறகு, பஸ் வந்தால்தான் அவள் வருவாள். காலையில வந்ததும் முதல்ல உங்களுதுதான் என்று பாய் என்னை அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை காலையில் பாய் போன் செய்தார். ஹூக் வைக்கிற பெண் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறாளாம். இவர் கூப்பிட்டதற்கு, "வந்துகினே கீறேன் பாய், பஸ்ஸுதான் எங்க கீதுன்னு தெர்ல" என்றாளாம். எங்களுக்குக் கொடுத்த நேரமோ நெருங்கிவிட்டது. பாய் குரலைத் தாழ்த்தி, "அக்கா, சத்தியமா சொல்றேன், ஹூக் மட்டும்தான் பாக்கி" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியே கொடுத்தனுப்பச் சொன்னேன்.

பாயின் மகள் வண்டியில் பறந்து வந்தாள். பதிவு அலுவலகத்தின் கழிவறையில், பக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, ஹூக் வர வேண்டிய இடத்திலெல்லாம் எனக்கு ஊக்குக் குத்தினாள். மூச்சை மெதுவா விடுங்க ஆன்ட்டி என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். சிவப்பு எனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். ரவிக்கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, புதுசா, ரொம்ப நல்லாயிருக்கே என்றார்.

கையெழுத்துப் போடக் குனிந்தபோது ஓர் ஊக்கு சுருக்கென்று குத்தியது. கண் கலங்கியது. அதிகாரி அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார், நான் மறுக்கவில்லை. பேனாவைக் கீழே வைக்கும்போது போன் அதிர்ந்தது. ஏய்.

'அக்கா, உங்க சிவப்பு ப்ளவுஸ் தைச்சாச்சு. ஹூக் மட்டும் பாக்கி.'

பாவம், முதல் தடவையாக என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது. மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே டைப் செய்தேன்: 'அவசரமில்லை, நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்.'