பரமசிவன் கார்டும் வேலுவின் பிள்ளையும்

ஆஸ்பத்திரியில் வியாதி என்ன என்று பார்ப்பவர் டாக்டர். அதற்கு முன்னால் ஆள் யார் என்று பார்ப்பவன் பதிவுக் கவுண்டரில் இருக்கிறவன். தொண்ணூறுகளில் திருநெல்வேலியில், தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பார்த்தது அந்த வேலைதான். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை டியூட்டி. படிவத்து இங்கிலீஷை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பழைய படிவங்களைப் புரட்டி நானே பழகிக்கொண்டது. பகலில் தூக்கம் வராது. ஆற்றுப்பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். கவுண்டருக்கு வெளியே நின்று கால் கடுத்தவர்களே, உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கும் சில நாள் கடுத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

கட்டில் பார்க்க வந்தவர்

ஒரு நாள் நான் டியூட்டி ஏறிய கையோடு ஒருவர் வந்து நின்றார். இருபத்தைந்து வயதிருக்கும். தலைமுடியெல்லாம் மில் பஞ்சு. மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகித மடிப்பு, அதற்குள் காப்பீட்டுக் கார்டு. பெயர் பரமசிவன், ஊர் ஆழ்வார்குறிச்சிப் பக்கம், மனைவி மாடத்தி. படம் ஒட்டவேண்டிய கட்டம் காலி.

“உடம்புக்கு என்ன?” என்றேன். பதில் சொல்லாமல் வார்டைக் காட்டும்படி கேட்டார். கூட்டிப்போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஒரு காலிக் கட்டிலின் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். மேலே சுற்றும் ஃபேனைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பைய என் காதருகில் சொன்னார்:

“சீக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வந்தா எங்கன படுக்கணும்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்.”

திரும்பாத தலை

அடுத்த மாதம் மனைவியோடு வந்தார். நிறைமாசம். “பரமசிவன்!” என்று மூன்று முறை கூப்பிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுவரில் இருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தவர் திரும்பவே இல்லை. மாடத்தி முழங்கையால் இடித்த பிறகுதான் பதறிக்கொண்டு ஓடிவந்தார். உங்களுக்கே புரிந்திருக்கும், எனக்கும் புரிந்துவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

அவர் பெயர் வேலு. பரமசிவன் அவருடைய அண்ணன். மில்லில் சேர்ந்து ஒரே வருஷத்தில் யாரிடமும் சொல்லாமல் பம்பாய்க்குப் போய்விட்டார். மில் மேஸ்திரி ஊரிலிருந்து தம்பியை வரவழைத்து, அண்ணன் பெயரில் இருந்த வேலை டோக்கனில் நிறுத்திவிட்டார். நாலு வருஷமாக வேலு அங்கே பரமசிவன். பெயரை மாற்றக் கேட்டால் ஆளையே மாற்றிவிடுவோம் என்கிறார்களாம். முதல் பிள்ளை, ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டது. இப்போது இந்தப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆப்பரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும் என்று ஊர் நர்ஸ் சொல்லிவிட்டாள்.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், கட்டிலும் போகும். மாட்டிக்கொள்ளாவிட்டால், பிறக்கிற பிள்ளைக்கு அப்பன் என்று அண்ணன் பெயர்தான் பதிவாகும். வேலு ஒரு சைக்கிளின் பெல்லைத் தடவிக்கொண்டே நின்றார்.

“வேலை செய்யுதது நானு, மாசாமாசம் பிடிக்கதும் எஞ் சம்பளத்துல. சீக்கு மட்டும் எங்க அண்ணனுக்கு வரணுமாம் அண்ணாச்சி!”

வாய் திறக்காதவள்

பத்து நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில், மாடத்தியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஆப்பரேஷன் படிவத்தில் புருஷன் பெயரை நோயாளியே சொல்லவேண்டும் என்று விதி. கேட்டேன். வலியில் துடித்துக்கொண்டிருந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மறுபடி கேட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். வேலு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

அப்போது வந்தார் நர்ஸ் மரியம்மா. கூடங்குளத்துப் பக்கம் கடற்கரைக்காரர். மருந்துத் தட்டை ஏந்தினால் எதிரே டாக்டர் வந்தாலும் ஒதுங்கமாட்டார். மாடத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் மேல் பாய்ந்தார்:

“எந்தப் பொம்பள புருஷன் பேரைச் சொல்லுவா? கார்டைப் பாத்து எழுதிட்டு வழிய விடும் வே!”

நான் ‘பரமசிவன்’ என்று எழுதினேன். விடிவதற்குள் ஆண் பிள்ளை பிறந்தது.

ஒன்பது கட்டில் வார்டில்

நாலாம் நாள் சாயங்காலம் பிறப்புப் படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள் மாடத்தி. வாசித்தேன். “தகப்பன் பெயர் பரமசிவன்” என்றதும் கையை நீட்டித் தடுத்தாள்.

“அது இல்ல.”

“ஏளா, சும்மா கெட. எல்லாம் போயிரும்” என்று வேலு கெஞ்சினார். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் எடுத்து வைத்தாள். “வேலு” என்றாள். இன்னொரு முறை, இன்னும் சத்தமாக, “வேலு!” என்றாள். எதிர்க்கட்டில் கிழவி வாயில் கைவைத்தாள். வேலுவோ, தன் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவரைப்போல நின்றார். எத்தனையோ பிரசவத்துக்குப் பெயர் எழுதியவன் நான். அன்றைக்கு என் பேனா எழுதவில்லை, உதறித்தான் எழுதவேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“டோக்கனு அவுக அண்ணனுது, வச்சுக்கிடட்டும். எம் பிள்ளைய யாருக்கும் குடுக்கமாட்டேன். எழுதுங்க.”

விசாரணை

இரண்டு காகிதத்தில் இரண்டு புருஷன் என்றால் சும்மா விடுவார்களா? வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்குக் காப்பீட்டு அதிகாரி வந்துவிட்டார்; என்னையும் பகலிலேயே வரச் சொன்னார்கள். வேலு அந்தக் கார்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதிகாரி மாடத்தியிடம் திரும்பி, “பொய் சொல்லி ஆஸ்பத்திரியில சேந்திருக்கியேம்மா” என்றார். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடியே சொன்னாள்:

“நான் எங்க சார் பொய் சொன்னேன்? நான் வாயே தொறக்கலியே!”

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் மில்லின் சம்பளப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை. பரமசிவன் பெயருக்கு நேரே நாலு வருஷமாக வேலுவின் கைரேகை; ஆளை மாற்றியது மில் என்று தெரிந்துவிட்டது. மூன்று மாதத்தில் வேலுவுக்குச் சொந்தப் பெயரில் கார்டு வந்தது, மனைவி மகன் பெயரோடு. நாலு வருஷ சர்வீஸ் மட்டும் பரமசிவன் பெயரோடு போயிற்று. வேலு அந்த மில்லில் அன்றைக்குச் சேர்ந்த புது ஆள்.

பதினெட்டு வருஷம் ராத்திரி கண்விழித்துப் பிறர் சொன்னதையெல்லாம் எழுதிய எனக்குக் கிடைத்த ஒரே மெமோ, ஒருத்தி சொல்லாததை எழுதியதற்காகத்தான்.