ஆற்றிக் கொடுத்த ஒயின்

யுத்தத்துக்கு முந்தி, குற்றாலத்தில் ஒரு துரை பங்களாவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஷிராஸ் ஒயின், பழங்காலத்துக் கொடியின் திராட்சையாம். ஒரு வாய் குடித்த துரை, துவர்ப்பில் முகம் சுளித்துக் கிளாசை வைத்துவிட்டார். நான் அதை எடுத்துப்போய், துவர்ப்பு அடங்கட்டும் என்று காப்பி போல இரண்டு டம்ளரில் நுரை வர ஆற்றினேன்.

"ஏட்டி, ரெண்டு பேரு வேலைக்கும் உலை வச்சிட்டியே!" என்றார் சமையல்கார அண்ணாச்சி.

துரை ஒயினைத் திரும்பக் கேட்டதும் டம்ளரை நீட்டினேன். குடித்தார், சிரித்தார்.

"இப்பதான் நல்லாருக்காம். உன்னையும் ருசி பாத்துச் சொல்லச் சொல்லுதாரு," என்றார் அண்ணாச்சி.

அண்ணாந்து ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டேன். "நாவப்பழத்துல நல்லமிளகு தட்டிப் போட்டாப்புல இருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி அதை இங்கிலீஷில் சொல்ல, துரை கைதட்டினார். வேலை நிலைத்தது.

ஒயின் குடித்ததை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, மாமியார் குழம்பில் உப்பு குறைந்தால் வாய்திறந்து சொல்லிவிடுவேன்.