ரெண்டு பேரும் பார்த்தால்தான் டிக்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் பிரஷர். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் இருப்பதும் மங்கிக்கொண்டே வருகிறது, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுதேன். இந்த மனுசன் என்ன சொன்னார் தெரியுமா? “வரித்தலை வாத்தை இன்னும் பாக்கலையேடி.”

அடக் கடவுளே! முப்பது வருசமாக பைனாகுலரும் நோட்டுமாக அலைகிறவர். பார்த்த பறவைக்கு நேரே நோட்டில் டிக் போடுவார். ரெண்டு பேரும் பார்த்தால்தான் டிக் என்பது கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம். நான் அடுப்படியில் நின்றதால் டிக் வாங்காமல் போன பறவைகள் ஏராளம். இந்த வாத்து இமயமலையைத் தாண்டி நம்ம கண்மாய்க்கு வருமாம், மாசி முடிந்தால் கிளம்பிவிடுமாம்.

பழைய ஆம்னி வேனின் பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டோம். சின்ன கேஸ் அடுப்பு, ரெண்டு குடம் தண்ணீர். ஓட்டுவது நான். அவனியாபுரத்தில் கிளம்பி டி. கல்லுப்பட்டிப் பக்கம் ரெண்டு நாள், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நாள் என்று கண்மாய் கண்மாயாகச் சுற்றினோம். அங்கங்கே ஒன்றிரண்டு வாத்து தட்டுப்படும், நான் காட்டுவேன். “எங்கடி, எங்க?” என்று இவர் தேடுவார். அதற்குள் அது பறந்துவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், பறவை மேல்தான்.

நாலாவது நாள் ஒரு டீக்கடைக்காரர், “அம்புட்டு வாத்தும் பெரிய கண்மாய்லதான் கிடக்கு” என்றார். அன்றைக்கு அங்கே மீன்பிடித் திருவிழா. எட்டு மணிக்கு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினால்தான் சனம் தண்ணீரில் இறங்கும், ஏழுக்கே பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம் போட்ட மகராசி நான்தான். மீனுக்குக் காத்திருக்கிற சனம் என்றைக்குக் கடிகாரம் பார்த்தது? நாங்கள் கரை ஏறும்போதே துண்டு பறந்துவிட்டது. சுத்துப்பட்டு ஊரே வலையும் கூடையுமாகக் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தது. இருந்த பறவையெல்லாம் எழும்பிப் போயே போச்சு.

சேறும் சகதியுமாகக் கரையேறிய ஒருத்தரைப் பிடித்துக்கொண்டேன். “ஏண்ணே, ஒரு மணி நேரம் பொறுத்தா குடியா முழுகிரும்?” பாவம், அவர் என்ன செய்வார்? இவர் கண்ணைப் பற்றிச் சொன்னதும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

“வாத்துதானக்கா? பின்னால சின்னக் கண்மாய்ல இறங்கியிருக்கும். அங்க மீனு இல்ல, ஒருத்தரும் போக மாட்டாக.” ஒரு விராலைப் பையில் போட்டு நீட்டினார். “திருவிழா மீனை விக்க மாட்டோம். வெறுங்கையோட போகாதீக.”

அவர் சொன்ன இடத்தில் இருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். இவர் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். “கருவ மரத்துக்கு இடது கைப்பக்கம். பதறாதீங்க.” பைனாகுலரை நகர்த்தி நகர்த்தித் தேடினார். அன்றைக்கென்று வாத்துகளும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “பாத்துட்டேன், போலாம்” என்றார்.

பைனாகுலர் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு நாள் வண்டி ஓட்டிய என் மனசு நோகக் கூடாதென்று சொன்ன பொய்.

“பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லித் தொலைங்களேன்!” கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

பைனாகுலரை இறக்கினார். “நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்ப டிக் போடு.”

“உங்க சட்டம்?”

“இனிமே உன் கண்ணு போதும். எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு.”

சொன்னேன். வெள்ளைத் தலை, பின்மண்டையில் ரெண்டு கறுப்புப் பட்டை, ஆரஞ்சு மூக்கு. ஒன்று இன்னொன்றைக் கொத்தி விரட்டுகிறது என்றதும், “விரட்டுறது பொம்பளையாத்தான் இருக்கும்” என்றார். எத்தனை குசும்பு!

பேனாவை அழுத்தி டிக் போட்டேன்.

“போட்டியா?”

நோட்டைக் கையில் கொடுத்தேன். அந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.