முத்துலிங்கம் சொன்ன வான்

எங்கள் ஊரில் யார் செத்தாலும், எந்தக் கோயிலில் கொடியேறினாலும், முத்துலிங்கத்தின் வாயால் வந்தால்தான் அது நடந்த மாதிரி. ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, தர்மபுரத்தில் இருந்து எங்கள் குடியேற்றம் வரை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டு வருவார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஊரில் ஒட்டுகிற நோட்டீஸ் எல்லாம் எனக்கு அவருடைய குரல்தான்.

மெலிந்த மனிதர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். நேரில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது. மைக்கைப் பிடித்தால் ஆளே வேறு. தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கினால், பிறகு வருவது நாங்கள் பேசுகிற தமிழ் இல்லை. ரேடியோச் செய்தித் தமிழ்.

அந்தத் தமிழுக்கு ஒரு காரணம் இருந்தது. சண்டை முடிந்து செட்டிகுளத்து முகாமில் கிடந்த நாட்களில், தண்ணீர் ஏற்றி வரும் பவுசர் வண்டி எந்த மூலைக்கு வரும் என்று அறிவிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இவர்தான் போய் நின்றார். வாளியோடு ஓடிய சனம் இவருடைய குரலை நம்பித்தான் ஓடியது. "ஒரு சொல் பிழைச்சாலும் சனம் தாகத்தில நிக்கும் அக்கா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதனால் ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்துத்தான் வெளியே விடுவார். ஆவணி வெயிலில் "குளத்தில் நான்கு அடி நீரே எஞ்சியுள்ளது, இயந்திரம் கொண்டு இறைப்பதைத் தவிர்க்கவும்" என்பார். நாங்களும் மோட்டரை நிறுத்துவோம்.

இப்போது வானைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேற, குளக்கட்டின் ஓரிடத்தைத் தாழ்வாகக் கட்டி விட்டிருப்பார்கள். வன்னியில் அதற்கு வான் என்று பெயர். அதன் மேலால் தண்ணீர் வழிந்தால் "வான் பாயுது" என்பார்கள். எங்கள் குடியேற்றத்துக்குள் வருகிற சின்னப் பாலம், அந்தத் தண்ணீர் ஓடுகிற வழியில்தான் இருக்கிறது.

போன வருசம் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பின்னேரம் முத்துலிங்கம் வந்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இன்னும் சற்று நேரத்தில் வான் பாயும். தாழ்நிலப் பகுதியில் வசிப்போர் தமது உடைமைகளுடன் ஆயத்தமாக நிற்கவும்."

நான் கொட்டிலில் ஆடுகளோடு இருந்தேன். பாயட்டும், பார்க்கலாம் என்று குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் என் மருமகள் ரஜிதா இருந்தாள். மகன் பிரதீபன் அவளைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தண்ணீர் மலையில் இருந்து இறங்கும், ஆற்றோடு போகும். அவளுடைய தோட்டத்தில் குளக்கட்டும் இல்லை, வானும் இல்லை. அவளுக்கு வான் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வாகனம்.

மழைச் சத்தத்துக்குள் அவள் காதில் விழுந்தது மூன்றே விசயம். வான். உடைமைகள். ஆயத்தமாக நிற்கவும். கலியாணப் பதிவுத் துண்டு, அடையாள அட்டை, இரண்டு சேலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். வாகனம் திருப்ப வசதியான இடம் எது என்று யோசித்து, நேரே பாலத்தில் போய் நின்றாள்.

திரும்பிப் போன முத்துலிங்கம் அவளைக் கண்டு ஓட்டோவை நிறுத்தினார்.

"பிள்ளை, இதில ஏன் நிக்கிறாய்? வான் பாயப் போகுதெல்லோ!"

"ஆமாங்கண்ணே, அதுக்குத்தான் நிக்கிறேன். எந்தப் பக்கமா வரும்?"

"அங்கால இருந்துதான்!" என்று குளத்தைக் காட்டினார்.

"எல்லாரையும் ஏத்துமாங்க?"

இந்தப் பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று அவர் விழித்துக்கொண்டு நிற்க, தண்ணீர் வந்துவிட்டது. முதலில் கணுக்கால், அடுத்த மூச்சில் முழங்கால். அவள் பாலத்துத் தூணைக் கட்டிப் பிடித்தாள். இவர் கம்பியைப் பற்றிப் பற்றிப் போய் அவளுடைய கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தார். பை போய்விட்டது. ஓட்டோ ஆசனம் வரை முங்கி, அம்பிளிபயரும் தண்ணீர் குடித்தது.

அன்றிரவு தண்ணீர் கொஞ்சம் வடிந்த நேரம் பார்த்து, எல்லாரும் பாலம் கடந்து பள்ளிக்கூட மண்டபத்தில் ஒதுங்கினோம். நான் அவரைச் சும்மா விடவில்லை.

"ஏன் தம்பி, என் மருமகளைத் தண்ணியில அனுப்பத்தான் மைக்கைப் பிடிச்சியா?"

"அக்கா, நான் தமிழிலதானே சொன்னனான்?"

"எந்த ஊருத் தமிழ்ல?"

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ரஜிதா இடையில் வந்தாள். "அண்ணன் மேல குத்தம் இல்லங்க அத்தை. நிக்கச் சொன்னாங்க, நின்னேன்."

நான் ஏசியதைத் தாங்கிக்கொண்டவர், அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டில் இருந்து இங்கே ஓடி வந்தபோது, வான் பாயுது என்று சொன்னவர்களிடம் "வானம் எப்படிங்க பாயும்?" என்று கேட்டவள் நான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. பழகின பிறகு, தெரியாமல் இருந்த காலம் ஒன்று இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. வீட்டுக்குள் ஒரு புதுப் பெண் இருக்கிறாள், அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று தோன்றவில்லை.

முத்துலிங்கம் அதோடு மைக்கை விட்டுவிட்டார். ஓட்டோவில் மரக்கறி ஏற்றி ஓடினார். அயலில் இருந்த செல்வநாயகம் ஐயா தவறிப்போன செய்தி, எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குளம் வற்றியதையும் யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் மோட்டர் போட்டு இறைத்தார்கள். ஆவணி முடியுமுன் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அடுத்த மாரிக்கு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

புரட்டாதியில் உதவி நிறுவனம் ஒன்றில் இருந்து நிசாந்தினி என்று ஒரு பிள்ளை, வெள்ள விழிப்புணர்வு வகுப்பு என்று பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தது. நல்ல பிள்ளை. பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள், ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு வந்தால் இறங்காதீர்கள் என்று படம் காட்டிச் சொன்னது. கடைசியில், பாலத்தடியில் எச்சரிக்கைப் பலகை நடப் போவதாகச் சொன்னது.

நான் எழும்பினேன். "நடும்மா. நான் அதுல ஆடு கட்டிக்கிறேன்."

"ஏன் அம்மா?"

"படிக்கத் தெரியாதவளுக்குப் பலகை வேற எதுக்கு? எங்களுக்கு வாய் வேணும். அந்தா, பின்னால இருக்கு வாய். பூட்டிக்கிட்டு இருக்கு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிக் கதிரையில் இருந்த முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னை விடுங்கோ அக்கா. என்ர சொல்லால ஒரு பிள்ளை போகப் பாத்தது. இன்னொருக்கா அந்தப் பழியைச் சுமக்க எனக்குத் தைரியம் இல்லை."

நான் அடுத்த பேச்சுக்கு வாயைத் திறக்குமுன் ரஜிதா எழும்பினாள்.

"அண்ணே, நீங்க சொல்லப் போறத மொதல்ல எனக்குச் சொல்லிக் காட்டுங்க. எனக்கு வெளங்கிச்சுன்னா ஊருக்கே வெளங்கும்."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு எங்கள் வேலிக்கு வெளியே ஓட்டோச் சத்தம் கேட்டது.

மாமரத்தடியில் கதிரை போட்டுக் கொடுத்தேன். அவர் சொல்லுவார், அவள் மறிப்பாள். "தாழ்நிலப் பகுதி" என்றார். "அது யாரு வீடு?" என்றாள். "உங்கட வீடுதான் பிள்ளை." "அப்ப எங்க வீடுன்னே சொல்லுங்களேன்." "ஆயத்தமாக நிற்கவும்" என்றார். "நிக்கவா, நடக்கவா?" என்றாள். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "நடக்கத்தான்" என்றார். தேத்தண்ணி ஆறிப் போனது. வான் என்ற சொல்லை மட்டும் விட மாட்டேன் என்றார். அது குளத்தின் சொல், அதைச் சனத்துக்குப் பழக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் அதை விளக்கிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள் என்றாள் அவள். அதற்கு ஒத்துக்கொண்டார்.

இந்தக் கார்த்திகையில் மறுபடியும் அடைமழை. மத்தியானச் சோறு முடிந்த நேரம் ஒலிபெருக்கி கேட்டது. "அன்பார்ந்த பொதுமக்களே" என்ற தொடக்கம் இல்லை.

"முத்துலிங்கம் கதைக்கிறன். குளம் முட்டிட்டுது. வான் பாயப் போகுது. வான் எண்டா வாகனம் இல்லை, குளத்துத் தண்ணி. உங்களை ஏத்த ஒண்டும் வராது. பாலத்தடியில இருக்கிற ஆக்கள் இப்பவே நடந்து பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ. பாலத்தில நிக்காதேங்கோ."

சனம் நடந்தது. பிரதீபன் வயலில் இருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். ரஜிதா பத்திரப் பையோடு முன்னே போனாள். நான் ஆடுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நின்றேன். ஐந்தும் சினை ஆடுகள். போன வருசம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, இந்த வருசமும் வராது என்று எனக்குள் ஒரு கணக்கு.

ஓட்டோ பாலத்துக்கு அந்தப் பக்கம், மேட்டில் நின்றது. ரஜிதா அவரிடம் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். பிறகு ஊர் முழுக்கக் கேட்க அந்தக் குரல் வந்தது.

"மீனம்மா அக்கா! ஆட்டையும் அவிட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ. மற்ற ஆக்களுக்கு விளங்காட்டிலும், வான் எண்டா என்னெண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

பள்ளிக்கூடப் பக்கம் சிரிப்புச் சத்தம் எழும்பியது. எனக்குக் காது சுட்டது. ஐந்து கயிற்றையும் ஒரு கையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். பாலத்தின் கீழே தண்ணீர் ஏற்கெனவே நிறம் மாறி இருந்தது.

அக்கரையில் ரஜிதா நின்றாள். "என்னங்க அத்தை, வானுக்குப் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

 கயிறுகளை அவள் கையில் கொடுத்தேன். முத்துலிங்கம் மைக்கை மறுபடியும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"மீனம்மா அக்கா வந்திட்டா. ஆடு அஞ்சும் வந்திட்டுது. இனி இந்தப் பாலத்தால ஒருத்தரும் வர வேண்டாம்."