புதன் சாயங்காலம் திருப்ப வேண்டிய காளை

பூதப்பாண்டிக்குத் தெற்கே நாலு மரக்கால் விதைப்பாடு வயலைத் தனியாளாய்ப் பயிர் செய்தவள் பூங்கனி. புருஷன் போன பிறகு பெண்பிள்ளைக்கு ஏர் எதற்கு என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அவள் உழுதாள். அவளுக்கு இருந்தது செவலைக் காளை ஒன்றுதான். ஜோடிக்குத் தங்கையனின் இரண்டு காளைகளில் ஒன்றான மயிலையை இரவல் வாங்குவாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் அப்படி வாங்கியபோது, புதன் சாயங்காலம் மாடு தொழுவத்தில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டுத் தங்கையன் மகளைப் பார்க்க அஞ்சுகிராமம் போய்விட்டார். புதனன்று ஒரு மூலை உழவு மிச்சம். ஆள்தான் ஊரில் இல்லையே, நாளைக்கு முடித்துக் கொண்டுபோய்க் கட்டலாம் என்று பூங்கனி நினைத்தாள். வியாழன் மத்தியானம் மூலை முடியுமுன் ஏரை அவிழ்த்து, மயிலையைத் தென்னையில் கட்டிவிட்டு, செவலையைத் தண்ணீர் காட்டக் கால்வாய்க்கு ஓட்டிப்போனாள். மழைக்கு முந்தி இடி விழுந்தது. ஓடிவந்து பார்த்தால் தென்னையின் குருத்து புகைகிறது. மயிலை காலை நீட்டிக் கிடக்கிறது.

மறுநாள் காலை தங்கையன் வந்ததும் போய்ச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஆபேல் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவரும் அங்கே இருந்தார். இரவல் வாங்கிய பொருளைப் பத்திரமாக வைத்திருந்தும் இடியில் போனால் வாங்கினவர் பொறுப்பில்லை, சட்டமே அப்படித்தான் என்றார்.

"வேணும்னா இடி மேல கேசு போடும், அண்ணாச்சி. சம்மன் கொண்டுபோக ஆள்தான் கிடைக்காது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தங்கையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருப்பித் தர நாள் ஏதும் குறித்தீரா என்று ஆபேல் பேச்சுவாக்கில் கேட்டார். தங்கையன் தலையைச் சொறிந்தார். உழுது முடித்துக் கொண்டுவா என்று சொன்ன ஞாபகம்தான் என்றார்.

பூங்கனி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மயிலைக்கு ஈடாகச் செவலையைக் கொடுக்க வேண்டியதில்லை. அது போனால் அவளுக்கு ஏர் இல்லை.

"புதன் சாயங்காலம்னு சொன்னிய, அண்ணாச்சி. பிந்தினது நான்."

"ஏட்டி, உன்னைச் சாட்சிக்கு யாரு கூப்பிட்டா?" என்றார் ஆபேல்.

குறித்த நாள் தாண்டினால் இடியானாலும் வெள்ளமானாலும் நஷ்டம் வைத்திருந்தவர் தலையில்தான் என்று பிறகு மெல்லச் சொன்னார். அதற்கும் ஒரு விலக்கு உண்டு: திருப்பியிருந்தாலும் மாடு அங்கேயும் செத்திருக்கும் என்றால் தப்பலாம். மூவரும் தொழுவத்தைப் பார்த்தார்கள். கூரையில் ஓலை ஒன்றுகூடக் கலையவில்லை. தங்கையனின் மற்றக் காளை அசைபோட்டுக்கொண்டு நின்றது.

பூங்கனி வயலுக்குப் போய்ச் செவலையை ஓட்டிவந்தாள். தங்கையன் கயிற்றை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் தானே தொழுவத்துக்குள் போய் மயிலை நின்ற முளையில் கட்டினாள்.

மிச்ச மூலையை நாலு நாள் மண்வெட்டியால் கொத்தினாள். நடவு பிந்தியது, அந்தப் பூ அறுவடையில் நெல்லும் குறைந்தது. அதற்குப் பிறகு அவள் எதை இரவல் கேட்டாலும் எப்போது தருவாய் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அவளே நாளைச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள்.